சுவரில் வந்து நின்ற புலிமுகச் சிலந்தி

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். போன கிழமை நல்ல மழை இரவு. கரண்டும் இல்லை. டோர்ச் அடித்துக்கொண்டு குசினிக்குப் போன அவருடைய அம்மா, கதவுக்கு மேலே சுவரில் உள்ளங்கையை விரித்த அளவுக்கு ஒரு சிலந்தி நிற்பதைக் கண்டு கத்திவிட்டார். தம்பி ஓடிவந்து தும்புத்தடியால் அடித்திருக்கிறார். விடிந்ததும் அதைப் புரட்டிப் போட்டுப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, சில கேள்விகளும் கேட்டிருக்கிறார். யூடியூப்பில் காட்டுகிற கோலியாத் சிலந்தி இதுதானா? கடித்தால் ஆள் செத்துப்போகுமா? வீட்டுக்குள் ஏன் வந்தது? இன்னும் வருமா, வந்தால் என்ன செய்வது?

முதலில் அம்மாவின் பயம் தீரச் சொல்லிவிடுகிறேன். இது கோலியாத் இல்லை, நம் நாட்டுப் புலிமுகச் சிலந்தி. கடித்தால் கடுமையாக வலிக்கும், தசைப்பிடிப்பும் வரலாம். ஆனால் ஆளைக் கொல்லாது. அது உங்களைத் தேடி வரவில்லை. இனியும் ஒன்று வரக்கூடும், வந்தால் அடிக்கத் தேவையில்லை. இனி விரிவாகச் சொல்கிறேன். உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் உயிரியல் படிப்பித்தவன் நான். இந்த ஒரு விலங்கைப் பற்றி மட்டும் யார் கேட்டாலும் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் காணப்படுகிற பெரிய சிலந்திகளில் பெரும்பாலானவை புலிமுகச் சிலந்தி அல்ல. மண்ணிற உடம்பு, தட்டையாகச் சுவரோடு ஒட்டி, கால்களை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் பரப்பி நிற்கும் ஒன்று இருக்கிறது. இரவில் கரப்பான் பிடித்துத் தின்னும். பெண், வெள்ளைக் குற்றிக்காசு போன்ற தட்டையான முட்டைப்பையை வயிற்றின் கீழே பிடித்துக்கொண்டு திரியும். அது வேட்டைச் சிலந்தி. வெப்பநாடுகள் எல்லாவற்றிலும் வீடுகளில் வாழ்கிறது, மனிதருக்கு ஆபத்தில்லாதது. கால் மெலிவாக இருக்கும், மயிர் அடர்ந்திருக்காது. எனக்கு இப்படி வரும் படங்களில் அதிகம் இதுதான். ஆனால் தம்பி அனுப்பிய படத்தில் இருப்பது அது இல்லை. தடித்த கால், மயிர் மூடிய உடம்பு, முதுகில் சாம்பலும் கறுப்புமாக இலைநரம்பு போன்ற கோலம், முன்காலின் அடிப்பக்கத்தில் பளிச்சென்ற மஞ்சள். ஐயமே இல்லை, புலிமுகச் சிலந்தி. சிங்களத்தில் இதைத் 'திவி மகுளுவா' என்கிறார்கள், சிறுத்தைச் சிலந்தி என்று பொருள். இரண்டு மொழிக்காரரும் தனித்தனியே பார்த்து ஒரே மாதிரியான பெயரை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

கோலியாத்துக்கு வருவோம். அதன் அறிவியற் பெயர் தெரபோசா பிளொண்டி. வெனிசுவேலா, கயானா, சுரினாம், பிரெஞ்சுக் கயானா, பிரேசிலின் வடபகுதி ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் தரையில் வளை தோண்டி வாழ்கிறது. எடையில் உலகத்திலேயே பெரிய சிலந்தி அதுதான். 170 கிராமைத் தாண்டிய பெண்கள் உண்டு. வீட்டில் இருக்கிற சவர்க்காரக் கட்டியில் இரண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்தப் பாரம். 1965இல் வெனிசுவேலாவில் பிடித்த ஓர் ஆணின் கால் விரிவு 28 சென்டிமீற்றர். பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்தால் இரண்டு சென்டிமீற்றர்தான் மிச்சம். கால் நீளத்தை மட்டும் பார்த்தால் லாவோசில் ஒரு வேட்டைச் சிலந்தி இருக்கிறது, 30 சென்டிமீற்றர் வரை போகும். 2001இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஆனால் அது மெலிந்தது, பாரத்தில் கோலியாத்துக்குக் கிட்டவும் வராது.

கோலியாத்தைப் 'பறவை தின்னி' என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர் வந்த கதை பழையது. மரியா சிபில்லா மெரியன் என்ற ஜேர்மன் ஓவியர் சுரினாமுக்குப் போய் அங்குள்ள பூச்சிகளை நேரே பார்த்து வரைந்தவர். 1705இல் வெளியிட்ட படங்களில் ஒன்றில், கொய்யாக் கொப்பில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டைப் போன்ற ஒரு சிறு பறவையைக் கவ்வியிருக்கும். பலர் அதை நம்பவில்லை. பெண்பிள்ளையின் கற்பனை என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஹென்றி வோல்ட்டர் பேட்ஸ் என்ற ஆங்கில இயற்கையியலாளர் பிரேசிலில் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டு எழுதிய பிறகுதான் அந்த அம்மா சொன்னது நடக்கக்கூடியதே என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் கோலியாத்தின் அன்றாடச் சாப்பாடு பறவை அல்ல. மண்புழு, பெரிய பூச்சிகள், தவளை, சில வேளைகளில் எலிக்குஞ்சு அல்லது சிறு பாம்பு. தரையில் வாழ்கிற ஒன்றுக்குப் பறவை எப்போதாவதுதான் அகப்படும்.

அதன் பெரிய ஆயுதம் பல் அல்ல, மயிர். வயிற்றின் மேலே முள் வைத்த நுண்மயிர்கள் உண்டு. எதிரி கிட்ட வந்தால் பின்காலால் வயிற்றைத் தேய்த்து அந்த மயிரைக் காற்றில் பறக்கவிடும். அது கண்ணிலும் மூக்கிலும் பட்டால் காஞ்சோண்டி பட்டது போல எரியும், அரிக்கும். முட்டைப்பையைப் பின்னும்போதும் பெண் இந்த மயிரைச் சேர்த்துப் பின்னுகிறது, முட்டையைத் தின்ன வரும் புழுக்களுக்கு வேலி போட்டது போல. காலில் உள்ள தடித்த மயிர்களை ஒன்றோடொன்று உரசிச் சீறும் ஒலியையும் எழுப்பும். பல அடி தூரத்துக்குக் கேட்கும். அவ்வளவு பயமுறுத்துகிற அதனையே வெனிசுவேலாவின் பியரோவா மக்கள் பிடித்து, மயிரைப் பொசுக்கி, இலையில் சுற்றிச் சுட்டுச் சாப்பிடுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு சொன்னேன் என்றால், யூடியூப் பார்த்துவிட்டு நம்முடைய சிலந்தியும் மயிரை வீசும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வீசாது. மயிர் வீசும் பழக்கம் அமெரிக்கக் கண்டங்களின் சிலந்திகளுக்கு மட்டும் உரியது. ஆசியா, ஆபிரிக்காவின் பெருஞ்சிலந்திகளிடம் (ஆங்கிலத்தில் டரன்டுலா என்பார்கள்) அந்த மயிர் கிடையாது. அவற்றிடம் இருப்பது வேகமும் நஞ்சும். அதனால்தான் கோலியாத்தை விடப் பலமடங்கு பாரம் குறைந்த நம்முடைய சிலந்தியின் கடி, கோலியாத்தின் கடியை விடக் கடுமையாக இருக்கிறது.

இன்னொரு பொருத்தம். கோலியாத்துக்கு அறிவியற் பெயர் வைத்தவர் லத்ரெயில் என்ற பிரெஞ்சுக்காரர், 1804இல். அதே ஆண்டில் அதே மனிதர் இலங்கையின் புலிமுகச் சிலந்தி ஒன்றுக்கும் பெயர் வைத்தார். இன்று அதைப் பேசிலோதீரியா ஃபாசியாட்டா என்கிறோம். 'ஃபாசியாட்டா' என்றால் பட்டி போட்டது. தென்னமெரிக்காவின் பெருஞ்சிலந்தியும் நம் தீவின் சிலந்தியும் ஒரே ஆண்டில் ஒரே கையால் ஏட்டில் ஏறியவை.

பேசிலோதீரியா என்ற பேரினம் உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. நம் நாட்டில் சில இனங்கள் ஈரமான மலைநாட்டுக்கு உரியவை, சில தென்மேற்கின் மழைக்காட்டுக்கு உரியவை. ஃபாசியாட்டாவும் விட்டாட்டா என்ற இன்னொன்றும் உலர் வலயத்தில் வாழ்பவை. இராமேசுவரத்தில் கண்டுபிடித்து அனுமன் பெயரால் அழைக்கப்படும் ஒன்று பிறகு மன்னாரிலும் காணப்பட்டது. 2012இல் வடக்கிலிருந்து இன்னொன்றைப் புதிய இனமாக அறிவித்தார்கள். கால் விரிவு 20 சென்டிமீற்றர் வரை. சோற்றுக் கோப்பையில் வைத்தால் விளிம்புவரை கால் வரும். அது தெரியவந்த விதம் தம்பிக்குப் பிடிக்கும். 2009இல் மாங்குளம் பக்கத்து ஊரவர்கள் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தியை ஆய்வாளர்களிடம் காட்டினார்கள். அவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது நாம் அறிந்த கோலம் இல்லையே என்று காடு முழுக்கத் தேடிப் பெண்ணையும் குஞ்சுகளையும் கண்டார்கள். தேடலுக்கு வழிகாட்டிய ஒரு காவல்துறை அதிகாரியைக் கௌரவித்து அதற்கு ராஜேயி என்று பெயர் வைத்தார்கள்.

உங்களுடைய படத்தை வைத்து இனம் சொல்ல நான் துணியமாட்டேன். கால்களின் அடிப்பக்கத்துப் பட்டிகளை முன்காலிலும் பின்காலிலும் தனித்தனியே தெளிவாகப் பார்த்தால்தான் இவற்றைப் பிரிக்கமுடியும். படத்தில் பின்கால்கள் மடிந்துபோய் இருக்கின்றன.

அந்தக் கால்கள் ஏன் அப்படி மடிந்தன என்பதற்கும் காரணம் இருக்கிறது. நம் கையை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை உண்டு. சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை மட்டும்தான் இருக்கிறது. நீட்டுவதற்கு அது இரத்தத்தைக் காலுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. தண்ணீர் திறந்ததும் தோட்டத்து ஹோஸ் விறைக்கிறதே, அது போல. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், மடக்கும் தசை மட்டும் மிஞ்சும், எட்டுக் காலும் உள்ளே சுருண்டுவிடும். இதே காரணத்தால்தான் பெருஞ்சிலந்திகள் உயரத்திலிருந்து விழுந்தால் பிழைப்பது அரிது. வயிறு மெல்லிய தோல் பைதான். அது கிழிந்தால் அழுத்தமும் போச்சு, இரத்தமும் போச்சு. அந்த இரத்தம் சிவப்பல்ல, மங்கலான நீலம். நமக்கு இரும்பு ஒட்சிசனைக் காவுகிறது, அதற்குச் செம்பு.

எட்டுக் கண் இருக்கிறது, ஆனால் எல்லாம் தலையின் நடுவே ஒரு சிறு மேட்டில் குவிந்த மணிகள். வெளிச்சமா இருளா, ஏதோ அசைகிறதா என்பதற்கு மேல் அதிகம் தெரியாது. உங்கள் அம்மாவின் முகத்தை அது பார்த்திருக்காது. டோர்ச் வெளிச்சம் பட்டதும் அசையாமல் நின்றதே, அது முறைத்துப் பார்த்ததல்ல, கண் கூசியது. அது உலகத்தை அறிவது காலால். காலில் உள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் சிறு அசைவைக்கூட உணரும். மரப்பட்டையில் ஒரு கரப்பான் நடந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிசு என்று அந்த அதிர்விலேயே கணக்குப் பார்த்துவிடும். பாதங்களின் அடியில் ஆயிரக்கணக்கான நுண்மயிர் அடர்ந்த மெத்தை இருக்கிறது. அதனால்தான் கண்ணாடியிலும் ஏறும், பூசிய சுவரிலும் ஏறும்.

இது வலை கட்டிக் காத்திருக்கிற சிலந்தி அல்ல. பகலில் மரப்பொந்துக்குள் இருக்கும். பொந்தின் உட்புறம் முழுக்க வெண்பட்டு போல் நூல் விரித்து, வாசலிலும் ஒரு திரை கட்டியிருக்கும். அதில் மரத்தூளும் பாசியும் ஒட்டியிருப்பதால் பட்டைக்கும் திரைக்கும் வித்தியாசம் தெரியாது. உடம்பும் அதற்கென்றே தட்டை, ஒரு வெடிப்புக்குள் நுழைந்துகொள்ளும். இருட்டியதும் வாசலில் வந்து கால்களைப் பட்டையில் பரப்பி அசையாமல் இருக்கும். பூச்சியோ பல்லியோ எட்டும் தூரத்துக்கு வந்தால் பாய்ந்து பிடிக்கும். அந்தப் பாய்ச்சல் நம் கண்ணுக்குப் பிடிபடாது. இங்கே இருந்தது, அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். பல் இரண்டும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே வெட்டாது. இரண்டு கொக்கிகள் மேலிருந்து கீழே இறங்கும். இரையைக் கடித்து, செரிக்கும் நீரை அதன்மேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். மறுநாள் பொந்தடியில் கரப்பானின் ஓடும் சிறகும் உருண்டையாகக் கிடக்கும்.

நான் இதை முதலில் கண்டது 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு. 23ஆம் திகதி இரவு அடித்த அந்தக் காற்றில் மட்டக்களப்பில் தென்னையும் புளியும் எத்தனை சாய்ந்தன என்று அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் வளவின் மூலையில் நின்ற புளியமரம் வேலிக்கு மேலே விழுந்து கிடந்தது. பெத்தப்பா கோடரியோடு கிளை கழித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். அடிமரம் பிளந்து உள்ளே பொந்து திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைத் துணி விரித்தது போல நூல், அதன் நடுவில் ஒரு பெரிய புலிமுகச் சிலந்தி, சுற்றிவரச் சுண்டுவிரல் நகம் அளவில் குஞ்சுகள். நான் கையை நீட்டப்போனேன். "தொடாத மனே, அது குஞ்சுகுட்டியோட இருக்கு" என்றார். மறுகா அந்த மரத்துண்டை மட்டும் தனியே தறித்து, இரண்டு பேராகத் தூக்கி, வேலியடியில் மழை படாமல் ஓலை போட்டு மூடிவைத்தோம். வீட்டுக் கூரையே பறந்துபோன நாள் அது. அப்படியொரு நாளில் அவர் அந்த வேலைக்கு ஒரு மணித்தியாலம் செலவழித்தார்.

அன்று கண்டதன் பொருள் எனக்குப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் விளங்கியது. பெரும்பாலான சிலந்திக் குஞ்சுகள் வெளிவந்த சில நாட்களிலேயே பிரிந்துவிடும், பிரியாவிட்டால் ஒன்றையொன்று தின்னும். புலிமுகச் சிலந்திகள் அப்படி இல்லை. தாயோடு ஒரே பொந்தில் பல மாதம் இருக்கும், ஓர் இரையைச் சேர்ந்தும் தின்னும். நல்ல பொந்து அரிதாகக் கிடைக்கும் காட்டில் அதை விட்டுப் போகாமல் பகிர்ந்துகொள்வது லாபம் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பெருஞ்சிலந்திக் குடும்பத்தில் இது மிக அரிய குணம்.

வளர்ச்சி தோலுரிப்பில் நடக்கிறது. ஓடு விரியாது, ஆகவே பழையதைக் கழற்றியாகவேண்டும். சில நாட்கள் சாப்பிடாமல் இருந்து, நூல் விரிப்பில் மல்லாந்து படுத்து, பல மணிநேரம் எடுத்துப் பழைய ஓட்டிலிருந்து ஒவ்வொரு காலாக உருவி எடுக்கும். பல்லின் உறையும் உரியும், வயிற்றுக்குள் உறிஞ்சும் இரைப்பையின் உள்தோலும் உரியும். இழந்த கால் சிறிதாக மறுபடி முளைப்பதும் இந்த நேரத்தில்தான். அது செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கூட்டித் தள்ளுகிறவர்கள் உண்டு. மல்லாந்து கிடந்தால் பெரும்பாலும் தோலுரிக்கிறது, செத்தது குப்புறச் சுருண்டு கிடக்கும்.

இனி, ஏன் உங்கள் வீட்டுக்குள் வந்தது என்ற கேள்வி. உங்கள் படத்திலேயே பதில் இருக்கிறது, தம்பி. வாய்க்குப் பக்கத்தில் எட்டுக் காலுக்கும் முன்னே சிறிய கால் போல இரண்டு உறுப்புகள் தெரிகின்றன பாருங்கள். அவற்றின் நுனி கையுறை போட்டது போல மொத்தமாக இருக்கிறது. வயிறும் சிறிது, கால்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். அது வளர்ந்து முடிந்த ஆண்.

ஆண் சிலந்தி கடைசியாகத் தோலுரித்த பிறகு அதன் வாழ்க்கை முழுக்க மாறிவிடும். அதுவரை பொந்தை விட்டு நகராதது, ஒரு சிறு வலைத்துண்டைப் பின்னி, அதில் விந்தை விட்டு, அந்த மொத்தமான நுனிகளில் உறிஞ்சி ஏற்றிக்கொண்டு பெண்ணைத் தேடிப் புறப்படும். பிறகு சாப்பாடும் குறைவு, தங்க இடமும் இல்லை. இரவெல்லாம் நடை. பெண்ணின் நூலில் உள்ள வாசனையைக் காலால் தொட்டு அறிந்து, பொந்து வாசலில் நின்று கால்களால் தட்டும். சரி, வா என்பது போலப் பெண்ணும் உள்ளிருந்து தட்டினால் கிட்டப் போகும். பல பெருஞ்சிலந்தி ஆண்களுக்கு முன்காலில் பெண்ணின் பல்லைத் தாங்கிப் பிடிக்கக் கொக்கி உண்டு. நம்முடைய இனத்துக்கும் கோலியாத்துக்கும் அது இல்லை, நேரத்தைப் பார்த்து நழுவவேண்டியதுதான். எப்படியானாலும் அந்த ஆணுக்கு இன்னும் சில மாதங்களே மிச்சம். பெண்ணோ பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. கோலியாத்திலும் இதே கணக்குத்தான், ஆண் 3 முதல் 6 வருடம், பெண் 15 முதல் 25 வருடம்.

ஆகவே நீங்கள் அடித்தது நடந்துபோய்க்கொண்டிருந்த ஓர் ஆணை. மழையில் ஈரமில்லாத சுவர் ஒன்று கிடைத்ததும் ஏறி நின்றிருக்கிறது. அதற்காக இனி வருந்தவேண்டாம், இருட்டில் அம்மா கத்தினால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் ஓர் ஆண் நடக்கிறதென்றால் எட்டும் தூரத்தில் பெண் இருக்கிறது, பெண் இருக்கிறதென்றால் பொந்துள்ள பழைய மரம் இருக்கிறது. எனக்கு முக்கியமாகத் தெரிவது அதுதான்.

கடியைப் பற்றிச் சொல்லவேண்டும், இதில் நான் எதையும் குறைத்துச் சொல்லப்போவதில்லை. புலிமுகச் சிலந்தியின் கடி உடனே கடுமையாக வலிக்கும், வீங்கும், சூடாகும். சிலருக்கு அதோடு முடிந்துவிடும். ஆனால் மருத்துவப் பதிவுகளில் கடிபட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தசைப்பிடிப்பு வந்திருக்கிறது. உடனே வராமல் சில மணிநேரம் கழித்தும் வரும். கடித்த கையில் மட்டுமல்ல, கால், முதுகு, நெஞ்சுத் தசை என்று எங்கும் பிடிக்கலாம். விட்டு விட்டுப் பல நாள் நீடிக்கலாம், ஆறிவிட்டது என்று நினைத்து ஒரு கிழமை கழித்து மறுபடி வந்ததும் உண்டு. இதற்குத் தனியாக மாற்றுநஞ்சு கிடையாது. வலிக்கும் பிடிப்புக்கும் மருந்து கொடுத்து, ஏற்பு ஊசியும் பார்த்துவிட்டு, கவனித்துக்கொள்வார்கள். பெருஞ்சிலந்தி கடித்து மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட பதிவு எதுவும் இல்லை. நாய்களுக்கு அந்த உறுதி இல்லை. அவுஸ்திரேலியாவின் பெருஞ்சிலந்திகள் கடித்து நாய்கள் இறந்திருக்கின்றன. ஆகவே நாய் இதை முகர்ந்து விளையாடினால் இழுத்துக் கட்டுங்கள்.

கடித்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், துணியில் ஐஸ் சுற்றி வையுங்கள், மோதிரம் காப்பு இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள், வைத்தியசாலைக்குப் போங்கள். கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிறு கட்டக்கூடாது. முடியுமானால் சிலந்தியின் படம் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், வைத்தியருக்கு அது பெரிய உதவி.

இதிலும் முக்கியமான ஒன்று. தரையில் பாய் போட்டுப் படுத்தவர் நடுச்சாமத்தில் ஏதோ ஊர்ந்தது போல உணர்ந்து எழும்புகிறார். பெரிதாக வலி இல்லை, காயமும் தெரியவில்லை. சுவரில் ஒரு சிலந்தியைக் கண்டு, இதுதான் கடித்தது என்று மறுபடி படுத்துவிடுகிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எட்டடி விரியன் என்ற பாம்பு கடித்தால்தான் வலியும் வீக்கமும் அனேகமாக இருக்காது. பிறகு வயிறு நோகும், கண் இமை சோர்ந்து விழும், பேச்சு குழறும், மூச்சு நின்றுபோகும். புலிமுகச் சிலந்தி கடித்தால் அது தெரியாமல் போக வழியே இல்லை, அவ்வளவு வலிக்கும். வலியில்லாத கடியைச் சிலந்தி மேல் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், இலவசம். மறுபக்கமாக, உறுதியாகச் சிலந்திதான் கடித்ததென்றால் பாம்புக்குப் போடும் மாற்றுநஞ்சு அதற்குப் பயன்படாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் சிலந்தியின் நஞ்சை விட ஆபத்தானது. நுளம்புவலையை நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் பாம்பு, தேள், சிலந்தி மூன்றுக்குமே அது போதும்.

மறுபடி ஒன்று வந்தால், முதலில் அது எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். கால்களைப் பரப்பித் தட்டையாக நின்றால் அது ஒளிந்துகொள்ளப் பார்க்கிறது. முன்கால்களைத் தூக்கி அந்த மஞ்சளைக் காட்டினால், கிட்ட வராதே என்கிறது. அதற்குப் பிறகும் குச்சியால் குத்தினால்தான் கடி. தலைக்கு மேல் உயரத்தில் நின்றால் பிடிக்கப்போகவேண்டாம், மேலே விழுந்து பயத்தில் கடிக்கும். உள்ளறைக் கதவைச் சாத்தி, அடியில் துணி வைத்து அடைத்துவிட்டு, வெளிக்கதவைத் திறந்து லைற்றை அணையுங்கள். வெளிச்சம் இல்லாவிட்டால் தன்பாட்டில் போய்விடும். எட்டும் உயரத்தில் நின்றால் பெரிய ஐஸ்கிரீம் பெட்டி அல்லது வாளி ஒன்றை மெதுவாக அதன்மேல் கவிழ்த்துச் சுவரோடு பிடித்து, பழைய கலண்டர் மட்டையைச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே நுழைத்து மூடலாம். பெட்டி அதன் கால் விரிவை விடப் பெரிதாக இருக்கவேண்டும். அவசரப்பட்டால் காலை நசுக்கிவிடும், அப்போது அது பெட்டியோடு உங்கள் கைக்குத்தான் ஓடிவரும். பிடித்ததை வளவுக்கு வெளியே பெரிய மரம் ஒன்றின் அடியில் விடுங்கள். வயல்வட்டைக்குள்ளோ வாய்க்காலிலோ எறியவேண்டாம்.

பிடித்து யாருக்காவது விற்கலாமா என்று இன்னொருவர் கேட்டதையும் தம்பி எழுதியிருந்தார். வெளிநாட்டில் இதைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அதற்காகக் கடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து கேட்டு, 2019இல் இந்தப் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம். அதற்கு முந்தின ஆண்டே அமெரிக்கா இலங்கையின் ஐந்து இனங்களை அழியும் ஆபத்தில் உள்ளவை என்று தன் சட்டத்தில் சேர்த்திருந்தது. கேட்டவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் இதன் பெரிய எதிரி கடத்தல்காரர் அல்ல, கோடரி. பாலை, வீரை, மருது, புளி என்று பழைய மரங்களில்தான் பொந்து விழும், பொந்து விழப் பல பத்து வருடம் வேண்டும். நாங்களோ, பொந்து விழுந்த மரம் பலகைக்கு உதவாது என்று அதைத்தான் முதலில் விறகுக்குத் தறிக்கிறோம். பொந்து போனால் சிலந்திக்கு அடுத்த இடம் பழைய கட்டடத்தின் சுவர் வெடிப்பு, ஓட்டுக்கூரை, பிறகு உங்கள் குசினி. அந்த மரப்பொந்தில்தான் ஆந்தையும் இருக்கும், மரப்பல்லியும் இருக்கும், தேனீயும் இருக்கும்.

தம்பி, ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் இரண்டு பெரிய மருதமரம் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். மழை விட்ட ஓர் இரவு, ஏழரை எட்டு மணிக்கு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். டோர்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டினால் அது பயந்து உள்ளே போகாது. தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே, கிளை முறிந்த இடத்துப் பொந்துகளைப் பாருங்கள். வாசலில் வெள்ளைத் திரையின் ஓரம் தெரியும், அதன் விளிம்பில் பட்டையோடு பட்டையாக நாலு கால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆறடி தூரத்தில் நின்று பாருங்கள், கையை வைக்கவேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. கண்டால் முன்காலின் அடிப்பக்கமும் பின்காலின் அடிப்பக்கமும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த இனம் என்று சொல்லப் பார்க்கிறேன்.